வடக்குப் பக்கத்துப் புள்ளி

இந்த சீசனின் கடைசி ஆட்டத்தோடு, கோடக்கா அந்த மைதானத்துக்குக் கோடு போட்டது இருநூற்று எண்பத்தொன்பது தடவை. பதினேழு வருடம், வருடத்துக்குப் பதினேழு உள்ளூர் ஆட்டம். நாட்டின் முதல் டிவிஷன் கால்பந்து லீக்கில் பதினெட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பதினேழையும் தன் மைதானத்துக்கு ஒருமுறை வரவழைக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முந்தின நாள் யாராவது ஒருவர் சக்கர வண்டியில் வெள்ளைப் பெயின்ட்டை நிரப்பிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். இங்கே அந்த ஒருவர் கோடக்கா. வயது நாற்பத்தேழு. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கோடு போடுவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை என்பார். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு தள்ளினால் கோடு பாம்பாக நெளியும். எதிர்க் கோடியில் ஒரு குச்சியை நட்டு, அதையே பார்த்து நடந்தால் நேராக வரும். கால்பந்து அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். யார் எத்தனை கோல் போட்டான் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து மூலைக் கோட்டை அழிக்கிறவன் யார் என்று கேட்டால், எட்டு வருடத்துக்கு முன் ஆடி ஓய்ந்தவனையும் சேர்த்து வரிசையாகச் சொல்வார்.

அளப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள். ஜூலையில் புதுப் புல் பதித்ததும் நாடா பிடித்து அளந்து முதல் கோடுகளைப் போட்டுவிட்டால், சீசன் முழுக்க அதன் மேலேயே வண்டி போகும். அந்த அளவு நாடா ஒருமுறை இரும்புக் கதவில் சிக்கி, முதல் இருபது சென்டிமீட்டர் துண்டாகப் போய்விட்டது. புது நாடா கேட்டு எழுதிப் போட்டார். பதில் இல்லை. சரிதான் என்று, எதை அளந்தாலும் மனதுக்குள் ஓர் இருபதைக் கூட்டிக்கொள்ள ஆரம்பித்தார். கோல் கோட்டிலிருந்து பெனால்டிப் புள்ளி பதினொரு மீட்டர். அவர் நாடாவில் அது பதினொன்று இருபது. பன்னிரண்டு வருடம் கூட்டிக் கூட்டி, அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

போன ஜூலையிலும் அப்படித்தான் அளந்தார். மத்தியானத்துக்குள் தெற்குப் பாதி முடிந்தது. வடக்கிலும் கோல் வாயைச் சுற்றிய பெட்டிக் கோடுகள் எல்லாம் ஆயிற்று. மிச்சம் வடக்குப் பெனால்டிப் புள்ளியும், அதை மையமாக வைத்துப் போடும் வளைவும்தான். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், புல் வெட்டும் மெஷின்காரர் தரையில் கிடந்த நாடாவின் மேல் மெஷினை ஏற்றிவிட்டார். நாடா நூல் நூலாக வெளியே வந்தது.

"பன்னெண்டு வருஷமா புது டேப்பு கேட்டீங்க, ஒருத்தனும் தரல. ஒரே நிமிஷத்துல நான் வாங்கிக் குடுத்துட்டேன் பாத்தீங்களா," என்றார் மெஷின்காரர், கொஞ்சமும் கூசாமல்.

உண்மையிலேயே பத்து நிமிடத்தில் புது நாடா வந்தது. ஸ்டோர் அலமாரியில் நாலு வருடமாக அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்ததாம். கோடக்கா அதை நீட்டி அளந்தார், வட்டத் துளை போட்ட தகட்டை வைத்தார், பெயின்ட்டை ஒரு வீச்சு வீசினார். வளைவையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதே வாரம் வீட்டில் உள்ளறைக் கதவுக்குத் திரைச்சீலை தைக்க அளவு எடுத்ததும் அவர்தான். கணவர் தையல்காரர். தைத்து மாட்டினால் திரை தரையில் புரண்டது. "கதவுக்குக் கேட்டியா, தரைக்கும் சேர்த்துக் கேட்டியா?" என்றவர், நேரம் கிடைக்கும்போது மடித்துத் தருவதாகச் சொன்னார். வெளியாள் துணி முடிந்த பிறகுதான் வீட்டுத் துணி என்பது அவர் சட்டம். வெளியாள் துணி முடியவே இல்லை. திரை பத்து மாதம் வீட்டைக் கூட்டியது.

சீசன் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. முதல் ஐந்து ஆட்டத்தில் மூன்று வெற்றி. பேக்கரிக் கடைக்காரர் அணியின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டினார். அப்புறம் மளமளவென்று சறுக்கல். படத்தின் மேல் தள்ளுபடி அறிவிப்பு ஏறியது. அந்தச் சறுக்கலுக்கு ஊர் கண்டுபிடித்த ஒரே காரணம், சுருட்டை.

சுருட்டை என்பது தலைமுடியால் வந்த பெயர். அணியின் முன்வரிசை ஆட்டக்காரன், வயது இருபத்தாறு. பெனால்டி அடிப்பது அவன் பொறுப்பு. மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடிவருவார்கள். இவன் பந்தைப் பார்க்கவே மாட்டான். பெட்டியின் முன்கோட்டில் குதிகாலை ஒட்ட வைத்து, கோல்கீப்பரின் கண்ணையே பார்த்தபடி, எண்ணி ஏழு அடி ஓடி வருவான். ஏழாவது அடியில் ஒரு கால் பந்துக்குப் பக்கத்தில் இறங்கும், மறுகால் உதைக்கும். கோல்கீப்பர் எந்தப் பக்கம் அசைகிறாரோ, பந்து அதற்கு மறுபக்கம் போகும். அதற்கு முந்தின மூன்று சீசனில் பதினான்கு அடித்து பதினான்கும் கோல்.

இந்த சீசனில், செப்டம்பரில் வடக்குப் பக்கம் ஒரு பெனால்டி கிடைத்தது. சுருட்டை ஓடி வந்தான், கால் இடறினாற்போல் ஆயிற்று, பந்து உருண்டு உருண்டு போனது. கோல்கீப்பர் கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல் குனிந்து எடுத்துக்கொண்டார். ஜனவரியில் அதே பக்கம் அதே கூத்து. மார்ச்சில் மூன்றாவது. நடுவில் தெற்குப் பக்கம் இரண்டு அடித்து இரண்டும் கோலானதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பந்தைப் பத்திரமாகக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று கூட்டம் அவனுக்குத் தபால்காரர் என்று பெயர் வைத்தது. அவன் பந்தைத் தொட்டாலே முப்பதாயிரம் பேர் சைக்கிள் மணிபோல் வாயால் ஒலி எழுப்பினார்கள். கோச் பெனால்டி வேலையை அவனிடமிருந்து பிடுங்கினார். மே மாதம் முடிகிற ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று பேச்சு அடிபட்டது.

கடைசி வாரம் வந்தபோது அணி கீழிருந்து நாலாவது இடத்தில் ஊசலாடியது. கடைசி மூன்று அணிகள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். சனிக்கிழமை சொந்த மைதானத்தில் டிரா செய்தாலே தப்பிக்கலாம், தோற்றால் போச்சு. இறங்கினால் மைதான ஊழியர்கள் எட்டுப் பேர் நாலு பேராவார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. அதை எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை கோடக்கா வடக்குப் பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சுருட்டை தனியாக வந்து பெட்டிக் கோட்டில் குதிகாலை வைத்து, பந்தே இல்லாமல் ஏழு அடி நடந்தான். திரும்பப் போனான். மறுபடி நடந்தான். நாலாவது தடவை அக்கா கேட்டுவிட்டார்.

"என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா?"

"ஏழாவது அடியைத்தாங்க்கா," என்று அவன் புல்லில் உட்கார்ந்தான். தெற்கில் கால் சரியாக இறங்குகிறது, பயிற்சி மைதானத்திலும் இறங்குகிறது, இங்கே மட்டும் கால் பந்தைத் தாண்டி விழுகிறது என்றான். கிளப் அவனை மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருந்தது. அவர் மூன்று வாரமாக அவன் அப்பாவைப் பற்றியே விசாரிக்கிறாராம். "எங்கப்பா ஃபுட்பாலே பாக்க மாட்டாருக்கா. அவருக்கும் இந்தக் கோல் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத்தான் மண்டையில ஏதோ கோளாறு. இந்தப் பக்கம் வந்தா கால் பயப்படுது."

அக்கா ஏதோ ஆறுதலாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அதிசயமாகக் கணவர் அந்தத் திரைச்சீலையைக் கழற்றி மடியில் போட்டிருந்தார். வாயில் நாலு ஊசி. தன் நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, பத்து மாதக் கேலியை மொத்தமாக முடித்து வைக்கிற தோரணையில் சொன்னார்: "சரியா இருபது சென்டி ஜாஸ்தி. நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அது எப்படி அவ்வளவு கரெக்டா தப்பு பண்ணினே?"

கோடக்கா செருப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது. வீட்டு நாடா முழு நாடா. அதிலும் இருபதைக் கூட்டியிருக்கிறார். அப்படியானால் அன்று மத்தியானம், பெட்டி பிரித்த அந்தப் புது நாடாவில்?

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் குத்தினார். இருபது சென்டியில் என்ன பெரிசாகக் கெட்டுவிடும், அந்தப் பக்கம் எதிரணி அடித்த இரண்டும் கோலானதே என்றார். அவர்கள் பந்தைப் பார்த்து அடிக்கிறவர்கள், இவன் கோட்டிலிருந்து எண்ணி வருகிறவன், அதுதான் வித்தியாசம் என்றார் அக்கா.

"சரி, இன்னும் மூணு நாள்ல சீசன் முடியுது. ஜூலையில சரியா அளந்து போட்டுக்கோ. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியணுமேங்க."

கணவர் திரையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலு பேராகக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் யார் பெயரை அடிப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததே.

வியாழன் காலை ஆறரைக்கு, மைதானத்தில் யாரும் இல்லாதபோது, புது நாடாவின் முனையைக் கோல் கோட்டில் ஆணி அடித்து நிறுத்திவிட்டு அக்கா நடந்தார். பதினொன்று இருபது. ஒரு நப்பாசையில் மறுபடி அளந்தார். நாடா மாற்றிச் சொல்லவில்லை. தெற்கே போய் அளந்தார்: பதினொன்று. ரகசியமாகச் சரிசெய்யலாமா என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் புள்ளியை நகர்த்தினால் வளைவையும் நகர்த்த வேண்டும்; பழைய வளைவு பல்லை இளித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும். யார் கேட்டாலும் ஒரு பொய் சொல்ல வேண்டும். கேட்கிறவன் சுருட்டையாக இருந்தால்?

எட்டு மணிக்கு சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் நம்பாமல் தானே மூன்று தடவை அளந்தார். மூன்றாவது தடவை முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கோச்சைக் கூட்டிவந்தார். கோச் டீ டம்ளரோடு வந்தார். நாடாவைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார்.

"எத்தனை மேட்ச்சா இப்படி இருக்கு?"

"பதினாறு சார்."

கோச் டீயைக் குடித்து முடித்தார். சீசன் தொடக்கத்தில் வந்த லீக் அதிகாரி கோல் கம்பத்தின் உயரத்தை அளந்தார், வலையை இழுத்துப் பார்த்தார், புள்ளியைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார் என்று சூப்பர்வைசர் மெல்ல எடுத்து விட்டார். கோச் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுருட்டையைக் கூப்பிடச் சொன்னார்.

அவன் வந்ததும் வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் அக்கா சொன்னார்: "தப்பு உன் கால்ல இல்ல தம்பி. நான் அளந்த அளவுல. புள்ளியைக் கோலை விட்டுத் தள்ளி வச்சு, பெட்டிக் கோட்டுக்கும் அதுக்கும் நடுவுல இருபது சென்டி கம்மி பண்ணிட்டேன்."

சுருட்டை கோட்டுக்குப் போனான். குதிகாலை வைத்தான். ஏழு அடி நடந்து, கால் இறங்கிய இடத்தையும் புள்ளியையும் குனிந்து பார்த்தான். திட்டப்போகிறான் என்று அக்கா காத்திருந்தார்.

"அப்போ என் மண்டையில ஒண்ணும் இல்லையாக்கா?"

"அதைத்தான் நாங்க மூணு வருஷமா சொல்லிட்டிருக்கோம்," என்றார் மெஷினை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த மெஷின்காரர். முதலில் சிரித்தது கோச். கடைசியாகச் சிரித்தது சுருட்டை. ஆனால் நிறுத்த ரொம்ப நேரம் ஆனது அவனுக்குத்தான். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

அதன்பின் வேலை தடதடவென்று நடந்தது. பழைய புள்ளியிருந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, மைதான ஓரத்துப் புல்லை அங்கே பதித்தார்கள். பழைய வளைவின் மேல் பச்சைச் சாயம் அடித்தார்கள். கிளப் லீக்குக்கு எழுதிப் போட்டது. வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி இரும்பு நாடாவோடு வந்து, கேட்காததையெல்லாம் அளந்து, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கோடக்கா விஷயத்தில் முடிவு சீசன் முடிந்ததும் என்றார் சூப்பர்வைசர். அதற்குள் சுருட்டை புதுப் புள்ளியில் பத்துப் பந்து அடித்துப் பார்த்திருந்தான். பத்தும் உள்ளே. உடை மாற்றும் அறையில் பெனால்டிப் பட்டியலில் அவன் பெயரைக் கோச் தன் கையாலேயே முதலில் எழுதினார். விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டதால் சனிக்கிழமை கூட்டத்தில் சைக்கிள் மணி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நாலைந்து பேர் தையல் நாடாவைத் தலைக்கு மேல் ஆட்டினார்கள். கோடக்காவின் கணவரின் கடைக்கு எதிர்க்கடையில் வாங்கியவை; அந்த வியாபாரம் கைவிட்டுப்போனதில் அவருக்கு மனத்தாங்கல்.

ஆட்டம் முழுக்க அக்கா, ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் சுரங்கவழியின் வாயிலில் நின்று, அந்த ஒரு புள்ளியையே பார்த்தார். பெனால்டி கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் இல்லை. எண்பத்திரண்டாவது நிமிடத்தில் சுருட்டை அதன் அருகே விழுந்தான். நடுவர் எழுந்திரு என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார். கோலும் இல்லை. உள்ளூர் ரசிகர்களே கொட்டாவி விட்ட ஆட்டம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஒரு புள்ளி, அணி முதல் டிவிஷனில் தங்கியது.

சுருட்டைக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது. மைதான ஊழியர்கள் எட்டுப் பேரும் நீடிக்கிறார்கள். கோடக்காவின் கோப்பில் ஓர் எச்சரிக்கை ஏறியிருக்கிறது. இனி அளவெடுக்கும்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதியும் வந்திருக்கிறது. புது சீசனுக்கான அளவெடுப்பு ஜூலை பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு. இரண்டாவது ஆளாக மெஷின்காரரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.