கிணற்றடி வேண்டாம் என்றார்கள்

மழை விட்ட ஒரு காலையில் எங்கள் நாய் செத்துப்போனது. வயதாகித்தான் போனது. கடைசியாக அதைப் பார்த்த மாட்டாஸ்பத்திரி டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்: “வீட்டுலயே புதைக்கலாம். கிணறு, போர்வெல் பக்கம் கூடாது. இடுப்பளவு தோண்டணும். பிளாஸ்டிக்ல சுத்தாதீங்க. வாடகை வீடா? ஓனரைக் கேட்டுக்கங்க.”

தோண்டுவது எனக்குக் கஷ்டமில்லை. கேட்பதுதான் கஷ்டம். தாம்பரத்தில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் என் மனைவிதான் பேசுவாள். அன்று அவள் நாயின் பக்கத்தை விட்டு எழவில்லை.

“ஏரி, குட்டைன்னு எங்கியும் கொண்டு போவாதே. நம்ம வூட்லயே இருக்கட்டும். போய்க் கேளுய்யா,” என்றாள்.

எங்கள் வாசல் முழுக்க சிமெண்டும் பூந்தொட்டியும். பின்னால் கிணற்றைத் தாண்டி ஒரு முருங்கை நிற்கிறது. டாக்டர் கிணற்றுப் பக்கம் கூடாது என்றிருந்தாலும், அங்கேதான் மண் தெரியும். அந்த அம்மா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். படியேறிப் போய், “அம்மா, நாய் செத்துடுச்சு. கிணத்துக்குப் பின்னாடி, முருங்கைகிட்ட…” என்று இழுத்தேன்.

“ஐயோ, கிணத்துகிட்ட வேண்டாம்ப்பா. எல்லாரும் குடிக்கிற தண்ணி.”

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். நாயைப் பழைய லுங்கியில் சுற்றி மொபெட்டில் வைத்தேன்.

“இன்னா சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“வேணாங்கறாங்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பும்போது மாடியிலிருந்து குரல் வந்தது.

“எங்கப்பா எடுத்துட்டுப் போற?”

“ஏரிக்கரைக்கும்மா.”

“கிணத்துகிட்டதானே வேண்டாம்னேன்? வீட்டுலயே வேண்டாம்னா சொன்னேன்?”

“பாத்தீங்களாம்மா, இந்த மனுசன் லட்சணத்த!” என்றாள் மனைவி. அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அம்மா இறங்கி வந்து, கேட்டை ஒட்டியிருந்த தொட்டிகளைத் அவர்களே நகர்த்தினார்கள். அடியில் மண் இருந்தது. இத்தனை காலம் அது என் கண்ணில் பட்டதே இல்லை. இடுப்பளவு தோண்டி, நாயை இறக்கினேன். மனைவி கல்லுப்பை அள்ளிப் போட்டாள். தெருநாய்கள் கிளறாதபடி மண்ணின் மேல் கருங்கல் அடுக்கினோம்.

“நாங்க காலி பண்ணிக்கினு போய்ட்டா?” என்று மனைவி கேட்டாள்.

“போனா என்ன? நான் இருக்கேன்ல. இந்த எடத்துல சிமெண்ட் போட விடமாட்டேன்.”

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த நான், “இங்க ஒரு செம்பருத்தி வெக்கலாமாம்மா?” என்று கேட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.