டெண்ட்டுக்கு வெளியே ஆல்வின்

இது நடந்தது. நம்பாதவர்கள் இராஜபாளையத்தில் ஆல்வினிடமே கேட்கலாம். அவன் பதில் சொல்லமாட்டான், எழுந்து போய்விடுவான். அவன் மனைவி பியூலா சொல்வாள். ஆனால் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் சொல்வாள்.

போன வருடம், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். ஆல்வினுக்கு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. பியூலா பேண்டேஜ் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பதே அபூர்வம். இந்தத் தடவை கிடைத்தது. ஏழு வயது மகள் ஸ்வீட்லின் யானை பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஒரு மாந்தோப்புக்குள் டெண்ட் போட்டு சஃபாரி கேம்ப் நடத்துகிறார்கள் என்று மில்லில் யாரோ சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஜீப்பில் காட்டோரமாகச் சுற்றிக் காட்டுவார்கள். ராத்திரி டெண்ட்டில் படுக்கலாம். ஆல்வின் போன் பண்ணிப் பதிந்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்கே ஜீப் வந்தது. டிரைவர் பெயர் சங்கிலிப்பாண்டி. முப்பது வயதிருக்கும். வாய் ஓயாத ஆள். மான் எங்கே நிற்கும், சாம்பல் அணில் எந்த மரத்தில் கூடு கட்டும் என்று ஸ்வீட்லினிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினான். தோப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓடை. தண்ணீர் இல்லை, வெறும் மணல். ஜீப் அதில் இறங்கியதும் அவன் பேச்சு சட்டென்று நின்றது. மறுகரை ஏறிய பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தான்.

பியூலா கவனித்தாள். கேட்கவில்லை.

கேம்ப்பில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. மற்ற டெண்ட்டெல்லாம் காலி. தோப்பின் மறுகோடியில் சமையல் ஷெட். அங்கே வெள்ளத்தாய் என்று ஒரு பெண் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் கிளம்பும் நேரத்தில் ஸ்வீட்லின் வரமாட்டேன் என்றாள். "தூக்கமா வருதும்மா" என்று பாயில் சுருண்டுவிட்டாள்.

"அவளுக்காகத்தானட்டி வந்தோம்" என்றான் ஆல்வின்.

"பஸ்ஸுல வந்த அசதி. காலையில கூட்டிட்டுப் போவோம். நீங்க போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

அவன் அரைமனதாகக் கிளம்பினான். டார்ச்சை எடுத்துக்கொண்டான். பியூலா டெண்ட்டின் ஜிப்பை உள்ளிருந்து இழுத்து மூடினாள். ஜீப் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று.

மலை மேற்கில் இருப்பதால் அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். வெளியே கம்பத்தில் ஒரு சோலார் விளக்கு தானாக எரிந்தது. மாங்கிளைகளின் நிழல் டெண்ட் துணியில் லேசாக ஆடியது.

செத்த நேரம் கழித்து மகளின் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

போனில் டவர் இல்லை. பையில் காய்ச்சல் மருந்து இருந்தது. பிள்ளையை எழுப்பிக் கொடுத்தாள். கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டாள். வெள்ளத்தாயிடம் வெந்நீர் கேட்கலாமா, பிள்ளையைத் தனியாக விட்டுப் போகலாமா என்று யோசித்தாள். போகவில்லை.

அப்போதுதான் அது தெரிந்தது. இவ்வளவு நேரம் காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள்… எல்லாம் ஒரே நேரத்தில் நின்றிருந்தன.

"பியூலா…"

ஆல்வின் குரல். டெண்ட் வாசலில்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எழுந்து ஜிப்பில் கைவைத்தாள்.

"வந்துட்டீகளா? ஜீப் சத்தமே கேக்கலையே?"

"நடந்து வந்தேன். தெற."

நடந்தா? தோப்பு முழுக்கக் காய்ந்த மாஞ்சருகு. அணில் ஓடினாலே சரசரவென்று கேட்கும். ஒரு சருகு நொறுங்கிய சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. ஆல்வின் பதினைந்து வருடமாக மில் இரைச்சலுக்குள் நிற்கிறவன். காதுக்குள் சொல்கிற ரகசியத்தைக்கூட தெருவுக்கே கேட்கும்படிதான் சொல்வான். இந்தக் குரல் மெதுவாக இருந்தது. துணியில் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு பேசுவதுபோல.

பியூலா துணியைப் பார்த்தாள். விளக்கு வெளியே எரிகிறது. மாங்கிளை நிழல் விழுகிறது.

ஆள் நிழல் இல்லை.

"டார்ச்சை அடிங்க" என்றாள். 

டார்ச் எரியவில்லை. பிறகு, அதே மெதுவான குரல்…

"பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதே. வெளிய தூக்கிட்டு வா. காத்துப் படட்டும்."

அவள் கை ஜிப்பிலேயே உறைந்துவிட்டது. காய்ச்சல் கண்டது ஆல்வின் போன பிறகு. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"வெள்ளத்தாய்க்கா…" என்று கத்தினாள். "அக்கா… யாராவது வாங்களேன்…"

"அவளைக் கூப்பிடாத" என்றது குரல். கோபமில்லாமல், சமாதானப்படுத்துகிற மாதிரி. "அவளுக்குக் கேக்காது."

இந்தத் தடவை குரல் நிற்கிற ஆளின் உயரத்திலிருந்து வரவில்லை. கீழே, அவள் முழங்கால் பக்கமிருந்து வந்தது.

பியூலா ஜெபம் சொல்லத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம். மூன்றாவது வார்த்தைக்கு மேல் வரவில்லை.

ட்ர்ர்ர்…

ஜிப் ஒரு விரற்கடை ஏறியது.

அவள் பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

ட்ர்ர்…

வெளியே இழுக்கிறது. முரட்டுத்தனமாக இல்லை. அவசரமே இல்லாமல்… அவள் கை ஓயட்டும் என்று காத்திருப்பதுபோல.

"ஸ்வீட்லின்…"

இப்போது பிள்ளையைக் கூப்பிட்டது.

"ஸ்வீட்லின்… அப்பா வந்திருக்கேன்லா…"

அப்பா குரல் கேட்டால் எந்தத் தூக்கத்திலும் எழுந்து ஓடுகிற பிள்ளை அவள்.

பியூலாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் பிடி நழுவிவிடும்.

முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

விரல் மரத்தது.

நகம் பிய்ந்தது.

ட்ர்ர்…

தூரத்தில் ஜீப் சத்தம்.

இழுப்பு நின்றது. பூச்சிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் மறுபடி கத்தத் தொடங்கின.

ஜீப் விளக்கின் வெளிச்சம் டெண்ட்டின்மேல் அடித்தது. சருகுகள் நொறுங்க யாரோ ஓடிவந்தார்கள். "ஏட்டி பியூலா! உள்ள இருக்கியாட்டி? பிள்ளை எங்க?" தோப்பே அதிரும் குரல். அவள் ஜிப்பை விட்டாள். உள்ளே வந்த ஆல்வினின் சட்டை கழுத்துப் பக்கம் கிழிந்து தொங்கியது. அவன் முதலில் பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். பிறகு பியூலாவைப் பார்த்துக் கேட்டான்.

"நீ ஓடைக்கு வந்தியா?"

"இல்லையே. நான் எங்கயும் போகல."

அவன் எட்டி ஜிப்பை இழுத்து மூடினான்.

திரும்பி வரும்போது ஓடை மணலில் அவள் குரல் கேட்டதாம். பாதையோரத்துப் புதருக்குள்ளிருந்து… "ஏங்க, பிள்ளையைக் காணோமுங்க…" என்று அழுகிற குரல். ஆல்வின் ஓடுகிற ஜீப்பிலிருந்து குதிக்கப் பார்த்திருக்கிறான். சங்கிலிப்பாண்டி ஒரு கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஓட்டிவந்துவிட்டான்.

அங்கே அதற்குமேல் ஒரு நிமிடமும் இருக்கவில்லை. பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். ஷெட்டைக் கடக்கும்போது வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெளி பெஞ்சில் சங்கிலிப்பாண்டி உட்கார்ந்திருந்தான். 

"அந்த ஓடையில என்ன இருக்கு?" என்று பியூலா கேட்டாள்.

"தெரியாதுக்கா. அங்க யாரு கூப்பிட்டாலும் பேசக்கூடாதும்பாக. அம்புட்டுத்தான் தெரியும். ஆனா தோப்புக்குள்ள இதுவரைக்கும் வந்ததில்ல." பியூலாவின் பக்கம் திரும்பினான். "நீங்க அதுக்குப் பதில் சொன்னீகளாக்கா?"

"சொன்னேன். வந்துட்டீகளான்னு கேட்டேன்."

அவன் எழுந்து போனான். அதன் பிறகு அவன் அந்தக் கேம்ப்புக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டார்கள்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பள்ளிக்கூடம் திறந்தது. அந்த ராத்திரியைப் பற்றிப் பிள்ளையிடம் யாரும் பேசவில்லை. நல்லவேளை, காய்ச்சல் மயக்கத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது என்றே பியூலா நினைத்திருந்தாள்.

ஒரு காலை, ஸ்வீட்லினுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்றாவது பிரியை இழுக்கும்போது பிள்ளை கேட்டது.

"அம்மா, அன்னைக்கு டெண்ட்டுல நீ கதவுகிட்ட நின்னு யார்கூடப் பேசிட்டிருந்த?"

பியூலாவின் வாயிலிருந்து ரிப்பன் விழுந்தது.

"ஏன்… உனக்கு யாரு குரல் மாதிரி இருந்துச்சு?"

"அப்பா குரல் மாதிரி. ஆனா அப்பாதான் எங்கூடப் படுத்திருந்தாரே. நான் பேசப் போனேன். சத்தம் போடாதன்னு என் வாயைப் பொத்திக்கிட்டாரு." பிள்ளை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "கை எம்புட்டு சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா."