அப்பாவின் குரல் மூன்று இடங்களிலும் காணாமல் போனது

இன்று நெய்யாற்றின்கரையிலிருந்து கோட்டுகாலுக்கு அம்மாவுடன் பஸ்ஸில் வரும்போது மஸ்கட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"மக்கா, அப்பாவுக்க குரல் ஒண்ணையும் காணல்லியே. நீயா அழிச்சே?"

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பும்போது, சிக்னல் கிடைத்ததும் "கரை தெரியுது, வாறேன்" என்று அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் அனுப்புவார். போன வருடம் அவர் இறந்த பிறகு, அவற்றையெல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்த்தேன். அம்மா போன், வீட்டு லேப்டாப், அண்ணன் போன் மூன்றையும் கிளவுடில் இணைத்துவைத்ததும் நான்தான்.

பக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "போன் நிறைஞ்சு போச்சுன்னு காட்டிச்சு. காலையில நானாக்கும் அழிச்சேன். லேப்டாப்புல உண்டுல்லா?"

"ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் போவும்மா."

"அதெப்படி? ஒரு வீட்டுல விளக்கை அணைச்சா மூணு வீடும் இருட்டாவுமா?"

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கிளவுடின் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நல்லவேளை, எல்லாம் அங்கே கிடந்தன. மீட்டெடுத்தேன். சற்று நேரத்தில் அண்ணன் எழுதினான்: "வந்தாச்சு."

அம்மா போனைக் காதில் வைத்தாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அப்பா வாறேன் என்றார். கோட்டுகால் வரும்வரை அவள் போனை இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பென்டிரைவில் தனிப் பிரதி எடுத்தேன். அம்மா அதை ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இது தன்னால அழியாதுல்லா?"

எங்கள் வீட்டில் இனி கிளவுடைவிட அந்தப் பெட்டிக்குத்தான் மதிப்பு. உங்கள் வீட்டுக் குரல்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?