ஒரு ரோஜாவும் ஒரு பேக்கேஜும்

எம்பிராய்டரி அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. சட்டைப் பைக்குக் கம்பெனி முத்திரையோ, தலையணை உறைக்குப் பூவோ, அவர் கடை மெஷின் தைத்துத் தள்ளிவிடும். படத்தைத் தையலாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்று அவருக்கு உயிர். ஆனால் அவர் கணினியில் ஓடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் அது நேரடியாகக் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ இறக்கி, மல்லுக்கட்டித்தான் நிறுவ வேண்டும்.

'ஊரே ஏன் இப்படி அல்லாடணும்?' என்று தோன்றியது. பொத்தானை அமுக்கினால் தானாக நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாக அதைக் கட்டி, அந்த லினக்ஸை நடத்தும் தன்னார்வலர்களுக்கு அனுப்பினார்.

அவர்களில் அதைச் சரிபார்த்தவர் சரியான முசுடு. விளக்கம் போதாது, அது தப்பு, இது தப்பு என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். அக்கா சளைக்கவில்லை. கடைசியில் வந்தது வினை. கூடவே வரும் மாதிரிப் படங்களில் ஒரு ரோஜா இருக்கிறதே, வரைந்தது யார்? அவர் சம்மதம் இல்லாமல் உள்ளே விட முடியாது.

"ஒரு பூவுக்கா இந்தப் பாடு? பிச்சு எறிங்க அண்ணி," என்றாள் துணி வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார்.

"போடி! அந்த ரோஜாவைப் பாத்துத்தான் நான் இதுல விழுந்ததே."

மென்பொருளை எழுதியவரிடமே கேட்டார். நெளிந்துகொண்டு பதில் வந்தது: வரைந்தது என் முன்னாள் மனைவி, எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, வேண்டுமானால் நீங்களே கேளுங்கள்.

ஊரான் குடும்பச் சண்டையில் தலையைக் கொடுப்பதா என்று அக்காவுக்கு உதறல்தான். இருந்தும் எழுதினார். அந்தம்மாள் போனிலேயே வந்துவிட்டார்.

"யார் வேணா எடுத்துக்கட்டும். எழுதியே தர்றேன். ஆனா வரைஞ்சது நான்னு என் பேரு இருக்கணும். அந்த மனுஷன் இத்தனை வருஷமா போடவே இல்ல!"

"போட்டுடறேங்க. கொட்டை எழுத்துல போட்டுடறேன்."

பெயர் ஏறியது. முசுடு ஒப்புதல் கொடுத்தார். பேக்கேஜ் உள்ளே போனது. அக்கா நாத்தனாரைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

"இவ்வளவுதானா அண்ணி? இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"இவ்வளவேதான்," என்றார் அக்கா. சிரிப்பை அடக்க முடியவில்லை.

சில நாளில் முசுடே எழுதினார்: இன்னொரு பேக்கேஜ் கேட்பாரற்றுக் கிடக்கிறது, பார்த்துக்கொள்வீர்களா? சரி என்று பதில் போட்டுவிட்டுத்தான் அக்கா அது என்னவென்று பார்த்தார். தேனீ வளர்ப்பவர்களுக்கான மென்பொருள்.