பெட்டி மேல் உட்கார்ந்தவள்

மீனம்பாளின் இடுப்பில் முப்பத்திரண்டு சாவிகள் இருக்கின்றன. அவளுக்கென்று சொந்தமாக ஒரு பூட்டுகூடக் கிடையாது. காலனி வீட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறவள் அவள். அந்தச் சாவிகள் எல்லாம் ஊரில் நிலம் வைத்திருப்பவர்களின் இரும்புப் பெட்டிகளுக்கு உரியவை. பெட்டிகளுக்குள் நகையோ பத்திரமோ இல்லை. பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்துதான் இருக்கிறது.

செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர் அது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் யாரும் இறங்காத நிறுத்தம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் நன்றாக விளைகிற மண். இருந்தும் மூன்று வருஷத்தில் ஆறு பேர் மருந்தைக் குடித்துச் செத்துப்போனார்கள். அதில் இரண்டாவது ஆள் மீனம்பாளின் புருஷன் ஜெயராமன்.

ஜெயராமன் அடுத்தவர் நிலம், கொல்லைகளுக்கு மருந்து அடித்துக் கூலி வாங்கியவன். மிச்சம் மீதியை வீட்டுப் பரணில் போட்டுவைப்பான். ஒரு மத்தியானம் ஊருக்குள் யாரோ நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தான். கொதிப்போடு வந்தவனுக்குக் கைக்கெட்டும் உயரத்தில் அந்தப் பரண் இருந்தது. அவ்வளவுதான் கதை. அன்றைக்கு அது எட்டாமல் இருந்திருந்தால், நாலு கெட்ட வார்த்தை பேசிவிட்டுச் சாயங்காலம் டீ குடிக்கப் போயிருப்பான் என்று மீனம்பாள் இன்றைக்கும் சொல்வாள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. பன்னிரண்டாவது படித்திருந்தும் பரணைச் சுத்தம் பண்ணத் தோன்றவில்லையே என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். அது ஒருநாளும் நின்றதில்லை.

ஆறாவது சாவுக்குப் பிறகுதான் செஞ்சியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய பேனர், பிஸ்கட், டீ எல்லாம் அமர்க்களமாக இருந்தது. மனநல டாக்டர் வந்தார், கிராம நர்ஸ் அமலா வந்தாள், விழுப்புரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள், ஊராட்சித் தலைவர் தங்கராஜ் சால்வையோடு வந்தார். எல்லாரும் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினார்கள். உருப்படியாகப் பேசியவர் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கும் சுந்தரமூர்த்தி ஒருவர்தான். விற்கிறவன் நான், வாங்குகிறவன் பூச்சிக்கு வாங்குகிறானா தனக்கு வாங்குகிறானா என்று முகத்தைப் பார்த்து எனக்கு எப்படித் தெரியும், தெரியாமலே விற்றுவிட்டு எனக்கும் தூக்கம் போய்விட்டது என்றார். அதன் பிறகுதான் அது ஒரு கூட்டம் மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். யார் வீட்டிலும் மருந்து இருக்கக் கூடாது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் சும்மா கிடந்த பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வீட்டுக்காரரிடம், இன்னொன்று பொறுப்பாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். திறக்கும் முன் எந்தக் கொல்லைக்கு, என்ன பயிருக்கு என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். ஆள் முகம் சரியில்லை என்று பட்டால் அமலாவுக்கு போன் போட வேண்டும். டாக்டர் செவ்வாய்க்கிழமை தோறும் செஞ்சிக்கு வருவார்.

பொறுப்பாளர் வேலையை ஊரில் ஒருவரும் ஏற்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் பழி யார் தலையில் விழும் என்ற பயம். அமலாதான் மீனம்பாளைக் கைகாட்டினாள். காலனிக்காரியிடம் போய் எங்கள் மருந்துக்கு நாங்கள் நிற்பதா என்று முணுமுணுத்தவர்களும், மாற்று ஆளைச் சொல் என்றதும் அடங்கிப்போனார்கள்.

ஆனால் அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல, ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரும் தாங்களாக வந்து அவள் முன்னால் நிற்பதில்லை. தங்கள் சாவியைக் கூலியாளிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆக, கேள்வி கேட்கவேண்டிய ஆளைத் தவிர மற்ற எல்லாரையும் மீனம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள். இது சரியில்லை என்று அமலாவிடம் இரண்டு முறை சொன்னாள். பேசுகிறேன் என்ற அமலாவுக்கு ஐந்து ஊர் வேலை.

இந்தச் சித்திரையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் செல்லப்பன் தானாகவே வந்தார். ஊரில் பேர் சொன்னால் தெரிகிற விவசாயி, அறுபதை நெருங்குகிற மனிதர். வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்திருந்தார். வாசலில் நின்று பெட்டியைத் திற என்றார். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், மீனம்பாளின் கை தானாகச் சாவிக்கொத்துக்குப் போனது. தன் பூட்டைத் திறந்தும்விட்டாள். அவர் தன் சாவியைப் பூட்டில் தலைகீழாக நுழைத்துத் தடுமாறினார். அந்த இடைவெளியில்தான் அவளுக்கு நோட்டு ஞாபகம் வந்தது.

“எந்தக் கொல்லைக்குன்னு எழுதிக்கிறங்கய்யா.”

“மேலக்கொல்லைக்கு. மல்லாட்டைக்கு.”

போன வெள்ளிக்கிழமைதான் மேலக்கொல்லையில் செடி பிடுங்கி முடிந்தது. பிடுங்கிய பதினோரு பெண்களில் மீனம்பாளும் ஒருத்தி. குந்தி உட்கார்ந்து காய் ஆய்ந்த வலி இன்னும் முதுகில் இருந்தது. அந்தக் கொல்லையில் இப்போது மருந்தடிக்க ஒரு பச்சை இலை கிடையாது.

பூட்டைத் திரும்பப் பூட்ட அவகாசம் இல்லை. அவர் கையைப் பிடிக்க முடியாது, பிடித்ததும் இல்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அவர் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. அவள் அம்மாவும் உட்கார்ந்ததில்லை. எழுந்திரு என்று அவர் ஒரு முறை சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. மேலக்கொல்லையில் நான்தானே செடி பிடுங்கினேன் என்றாள்.

செல்லப்பன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, யாரிடமோ தகவல் சொல்வது மாதிரி சொன்னார்.

“காரணம் ஒண்ணும் இல்ல மீனம்பா. மழ பேஞ்சிது, காய் நல்லா வந்துது, பையனும் நல்லா இருக்கான். எட்டு மாசமா தூக்கம் இல்ல. காத்தால கண்ணத் தொறந்தா ஏன்டா தொறந்தோம்னு இருக்குது. காரணம் இல்லாம இருக்குது பாரு, அதான் பயமா இருக்குது.”

காரணம் இருந்தால் ஆறுதல் சொல்லலாம். காரணமே இல்லாதவருக்கு என்ன சொல்வது? அவருக்கு எதிரிலேயே மீனம்பாள் அமலாவுக்கு போன் போட்டாள். புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள். அமலா வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் பெட்டியை விட்டு எழவில்லை, அவரும் போகவில்லை.

அமலா அவரிடம் நிதானமாகப் பேசினாள். உடனே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு அவர் பிடி கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை செஞ்சியில் டாக்டரைப் பார்க்கிறேன், என் பெண்டாட்டியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டார். பூட்டைத் திரும்பப் போட்டாயிற்று, மருந்து பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்ற தைரியத்தில் இருவரும் சரி என்றார்கள். அந்த ஒரு தைரியம்தான் இருந்தது.

கதவு திறந்து கிடந்ததை அவர்கள் யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் டிராக்டரில் போன ஒருவன் பார்த்துவிட்டான். காலனிக்காரி கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், செல்லப்பன் அவள் முன்னால் நிற்கிறார். சாயங்காலத்துக்குள் டீக்கடையில் அது ஊர்ப் பஞ்சாயத்தாகிவிட்டது. அந்த மனுஷர் எதற்காகச் செருப்பில்லாமல் அங்கே போனார் என்று கேட்க ஒரு நாதியில்லை. அவள் எப்படி உட்காரலாம் என்பதுதான் ஊருக்குக் கவலை. இப்படிப்பட்ட ஊரில் ஆறு பேர் செத்தது ஆச்சரியமா?

வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அமலா செஞ்சியில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டாள். தங்கராஜ் நடுவில் உட்கார்ந்து, எதற்கு உட்கார்ந்தாய், அவரிடம் என்ன தகராறு என்று மீனம்பாளைக் கேட்டார். கடைசி வரிசையில் செல்லப்பன் இருந்தார், கொடுத்த வாக்குக்காக அவள் வாய் திறக்கவில்லை. திமிரைப் பார் என்றது ஒரு குரல். சாவியைப் பிடுங்கு என்றது இன்னொன்று. சாவியைப் பிடுங்கட்டும், கழன்றது தொல்லை என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றவும் செய்தது.

அப்போதுதான் செல்லப்பனின் மனைவி ரஞ்சிதம் எழுந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் சொல்லவே இல்லை.

“யார் பொட்டி மேல யார் உக்கார்றது? இந்த சங்காத்தமே எங்களுக்கு வேணாம். எங்க பொட்டிய இப்பவே வீட்டுக்கு எடுத்துனு போறோம்.”

அதுதான் நியாயம் என்று பலர் தலையாட்டினார்கள். தங்கராஜும், இஷ்டமில்லாதவர்களை நாம் கட்டாயப்படுத்த முடியாது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். பெட்டி அந்த வீட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் மீனம்பாளுக்கும் செல்லப்பனுக்கும்தான் தெரியும். சொன்னால் கொடுத்த வாக்கு போகும், ஒரு மனிதர் ஊர் நடுவில் அம்மணமாக நிற்க வேண்டிவரும். சொல்லாவிட்டால் மீனம்பாள் வீட்டுப் பரண்தான் இன்னொரு வீட்டிலும். ஜெயராமன் கிடந்த கோலம் கண்முன் வந்தது. மானம் போனால் போகட்டும், உயிர் இருந்தால் திட்டவாவது திட்டுவார் என்று முடிவு பண்ணி எழுந்தாள்.

“பொட்டி அவுங்க வூட்டுக்குப் போவக் கூடாது” என்றாள். ஏன் என்று பத்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவள் செல்லப்பனைப் பார்த்தாள்.

அவர் எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“ரெண்டு சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட வேணாம்.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கொல்லைல பயிர் இல்ல. நான் எனக்குத்தான் எடுக்கப் போனேன். அவ உக்காந்ததாலதான் நான் இங்க நிக்கிறேன்.”

தங்கராஜ் தன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திமிர் என்று சொன்னவன் முதல் ஆளாக நழுவினான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு யாரும் அவளிடம் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ரஞ்சிதம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள், புருஷனைப் பார்த்தபடி.

மறுநாள் காலையில் மீனம்பாள் களையெடுக்கப் போகாமல் செல்லப்பன் வீட்டுத் தெருவுக்குப் போனாள். அந்தத் தெருவில் அவள் வேலையில்லாமல் நின்றதில்லை. வாசலில் கோலம் போடவில்லை. சாவு விழுந்த வீட்டில்தான் அப்படிப் போடமாட்டார்கள். கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது ரஞ்சிதம் வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“தூங்கல. உக்காந்துனே இருக்காரு” என்றாள் ரஞ்சிதம். “மாட்ட அவுத்துக் கட்டணும். அவர தனியா வுட்டுட்டுப் போவ பயமா இருக்குது. உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காரு மீனம்பா.”

அவளே கூடத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள். மீனம்பாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். செல்லப்பன் நிமிர்ந்து பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.