தாய்மாமன் அறுத்த கம்பி

கான்கிரீட் உத்தரத்துக்குள் கம்பியை எதற்காக இழுத்துக் கட்டுகிறோம் என்று விளக்க, நான் காலேஜில் படித்த எதுவும் ஏரியூர்ப் பக்கம் உதவவில்லை. கயிற்றுக் கட்டில்தான் உதவியது. "கட்டில் தொய்ஞ்சா கால்மாட்டுக் கயித்தை இழுத்துக் கட்டறோமில்லீங்க, அதேதான்" என்றேன். எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததும், "அப்ப இந்த மண்டபமும் தொய்யுங்களா?" என்றார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். மாதா கோயிலை ஒட்டி விருந்து மண்டபம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நடுவில் தூண் வந்தால் பந்தி கோணிக்கொள்ளும் என்று பங்குச் சாமியார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நீளமான உத்தரங்கள். மெட்ராஸ் கம்பெனி சார்பில் அங்கே இருந்த இன்ஜினியர் நான். மீசை அப்போதுதான் ஓரளவு ஒத்துழைக்கத் தொடங்கியிருந்தது. கம்பிகளை இழுத்துப் பூட்டியாகிவிட்டது. அவை ஓடும் தகரக் குழாய்க்குள் சிமென்ட் பாலை ஊற்றி அடைப்பதுதான் பாக்கி. சிமென்டுக்குப் பர்மிட் வரவேண்டும். வரவில்லை. கல்யாணம் மட்டும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மண்டபத்தில் முதல் விருந்து. பக்கத்து விவசாயி ஒருவரின் மகளுக்கு. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், சாரத்தின் மேல் பெண்ணின் தாய்மாமன். ஒரு கையில் எங்கள் கொத்தனாரின் உளி, மறு கையில் ரம்பம்.

"என்னங்க பண்றீங்க?"

"தூளி கட்டக் கொக்கி போடறேன் தம்பி. இவ்வளவு பெரிய மண்டபம் கட்டியிருக்கீங்க, கைக்கொழந்தையோட வர்றவங்க எங்க போவாங்க? வூடுன்னா உத்தரத்துல கொக்கி வேணுமில்ல?"

"அங்க கம்பி இருக்குங்களே."

"இருந்துச்சு. குறுக்க நின்னுச்சு. பாதி அறுக்கறதுக்குள்ள அதுவே பட்டுனு விட்டுக்குச்சு. நல்ல கம்பி இல்லீங்க தம்பி. உங்களை ஏமாத்திட்டாங்க."

இழுத்துப் பூட்டிய கம்பி அறுந்தும் அவர் உயிரோடு இருந்ததே மாதாவின் கருணை. நான் வாயைத் திறப்பதற்குள், எங்கிருந்தோ ஓடி வந்த பெண்ணின் அப்பா என் சட்டையைப் பிடித்து ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் இழுத்துப் போய்விட்டார்.

"அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உத்தரத்தை அறுத்திருக்காருங்க."

"அறுத்துட்டுப் போறாரு. அவரு மாலை போடாம பொண்ணு கோயில் படி ஏறாது. பெரியவ கல்யாணத்துல காப்பியை இன்னொருத்தருக்கு மொதல்ல குடுத்துட்டாங்கன்னு பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துட்டாரு. மேளம் வச்சுக் கூட்டிட்டு வந்தோம். இப்ப மண்டபத்தையே கெடுத்துட்டாருன்னு சொன்னா பெங்களூருக்கே போயிடுவாரு."

ஆக, உடைந்ததைச் சரிசெய்ய வேண்டும். உடைத்தவருக்கு மட்டும் அது உடைந்தது என்று தெரியக்கூடாது. இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் அத்தியாயம் கிடையாது.

திரும்பிப் போய்ச் சொன்னேன்: "நீங்க சொன்னது சரிதாங்க. கம்பி மட்டம். மொத்தமா மாத்திடறோம்."

"நான் பார்த்ததுமே நெனச்சேன்" என்றார்.

முதலில் உத்தரத்துக்கு அடியில் வரிசையாகச் சவுக்கு முட்டுகள் கொடுத்தோம். இழுக்கும் ஜாக்கி சேலத்தில் வேறொரு வேலைக்குப் போயிருந்தது. தந்தி அடித்ததும் பஸ் கூரையில் பயணிபோல் வந்து இறங்கியது. அதை வைத்துப் பழைய கம்பிக் கற்றையை மெல்லத் தளர்த்தி உருவினோம். மிச்சமிருந்த சுருளிலிருந்து புதுக் கற்றை வெட்டிக் குழாய்க்குள் கோத்தோம். இனி இழுத்துப் பூட்ட வேண்டும். இழுக்கும்போது உத்தரத்தின் முனைக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கம்பி விட்டால் ஈட்டி மாதிரி பாயும். தாய்மாமன் சரியாக அங்கேதான் நின்றார். முக்கியஸ்தர்கள் எப்போதும் முன்னால் நிற்பார்கள். இங்கே முன்னும் பின்னும் அவருக்கு ஒன்றுதான்.

"மாமா, ஒரு பெரிய பொறுப்பு இருக்கு" என்றேன். நான் அவரை மாமா என்று அழைத்தது அதுவே முதல் தடவை. "இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரக்கூடாது. வேற யாரு சொன்னாலும் இந்த ஊர்ல கேக்க மாட்டாங்க."

அவர் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தள்ளி, மூலையில் போய் நின்றார். ஜாக்கி முனகத் தொடங்கியபோது வேடிக்கை பார்க்க வந்த பங்குச் சாமியாரையே மறித்தார்: "சாமி, இது விட்டுச்சுன்னா நேரா மோட்சந்தான். அந்தாண்ட போங்க." சாமியார், இத்தனை வருஷமாக மோட்சத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தவர், வேகமாகத் தள்ளிப் போனார்.

கம்பி கணக்குப் போட்ட அளவுக்கு நீண்டது. பூட்டினோம். கோயில் சுவருக்கு வெள்ளையடித்து மீந்ததாகச் சாமியார் எங்கிருந்தோ சிமென்ட் மூட்டைகள் வரவழைத்தார். வெள்ளையடிக்கச் சிமென்ட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாலை ஊற்றி அடைத்தோம். அது இறுகும்வரை முட்டுகளை எடுக்க வேண்டாம் என்றேன். அவற்றுக்குக் காகிதம் சுற்றி, மாவிலை கட்டி, அலங்காரத் தூண் ஆக்கிவிட்டார்கள். பந்தி கோணித்தான் போனது.

கல்யாணத்தன்று தாய்மாமன் முதல் ஆளாக வந்து மாலை போட்டார். பெண் படி ஏறினாள். விருந்தில் அவர் மாப்பிள்ளையின் அப்பாவை அழைத்து வந்து, சோற்றில் கை வைத்திருந்த என்னைக் காட்டினார்.

"இந்தக் கம்பி தொய்ஞ்சு போனதைக் கண்டுபிடிச்சதே நாந்தான் சம்பந்தி. தம்பி சின்ன வயசு, கட்டறப்ப கொஞ்சம் லூசா விட்டுட்டாரு. நான் பக்கத்துல நின்னு திருப்பிக் கட்ட வச்சேன்."

எதிர் வரிசையில் சாம்பார் வாளியோடு நின்ற பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். மாதா சொரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களிடம்தான் அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன்.

"ஆமாங்க" என்றேன். "மாமா மட்டும் கவனிக்கலைன்னா ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்."

பெண்ணின் அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கேட்காமலே என் இலையில் இரண்டு கரண்டி சாம்பார் விழுந்தது.

சம்பந்தி மட்டும் நகரவில்லை. "தம்பி, நீங்க கட்டினது வேற எங்கெங்க இருக்குங்க?" என்றார். பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில்தான் எனக்கு உறைத்தது, அவர் விசாரிப்பது அங்கெல்லாம் போகாமல் இருப்பதற்கு என்று.