கொலின்டேலில் கட்டிய மஞ்சள் முடிச்சு

காலை 9.40. ஹவுன்ஸ்லோ ஈஸ்ட் நிலையத்தில் மூன்று பவுண் எண்பது பென்ஸுக்கு ஒருநாள் டிக்கெட் எடுத்து ரெயில் ஏறினேன். 1995 சித்திரை, சனிக்கிழமை. விமான நிலையச் சமையற்கூடத்தில் கிழமைக்கு ஆறு நாள் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவளுக்கு இருந்த ஒரே லீவு. அதையும் தம்பிக்குக் கொடுத்தேன், மனமில்லாமல்தான்.

தம்பி குமரன் யூமிக்கோ என்ற கியோட்டோப் பெண்ணைக் கட்டப்போகிறான். காலையில் கோயிலில் தாலி. அது சரி. ஆனால் மாலை விருந்துக்கு, தன் தாய் கலியாணத்துக்கு உடுத்த வெள்ளைக் கிமோனோவைத்தான் உடுப்பாளாம். தாலி ஏறின அன்றைக்கே வெள்ளையோ? "அப்பிடியெண்டால் நான் தோழியா நிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. கூறைச்சேலைத் தட்டத்தோடு அவன் கூடவே நிற்க வேண்டியவள். அம்மாவும் அப்பாவும் போய்விட்ட பிறகு அவனுக்கு இருக்கிற ஒரே உரித்து நான். மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. போன கிழமைதான் போன் எடுத்தான். "அக்கா, அவவின்ர அம்மா யப்பானில இருந்து வந்து நிக்கிறா. ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்."

லெஸ்டர் ஸ்குவேரில் இறங்கி நோர்தேர்ண் லைனுக்கு மாறி, கொலின்டேலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வாசலில் குமரன் நின்றான். மெலிந்திருந்தான். கேட்கவில்லை, கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம்.

எட்ஜ்வெயர் றோட்டில் பத்து நிமிட நடை. வெளியே பார்த்தால் சாமான் கிடங்கு மாதிரி ஒரு யப்பான் கடைத்தொகுதி. உள்ளே போனால், அட கடவுளே, வேறு நாடு! சாப்பாட்டுக்கடைக் கண்ணாடிக்குள் நூடில்ஸும் பொரித்த இறாலும் ஆவி மட்டும் பறக்காமல் அப்படியே இருந்தன.

"அக்கா, அது மெழுகு. கடிச்சுப்போடாதையுங்கோ" என்றான்.

"உனக்குப் பசியெண்டால் நீ கடி" என்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவனோடு நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

புத்தகக்கடையில் படக்கதைகளைப் பின்பக்கத்திலிருந்து திறந்து வாசிக்கிறார்கள். கோட்டும் டையும் கட்டிய ஆம்பிளைகள் நின்றபடியே பக்கம் புரட்ட, கடைக்காரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஹவுன்ஸ்லோவில் என்றால் "வாங்குறியோ, போறியோ" என்றிருப்பார்கள். விளையாட்டு மெஷின்கள் கத்துகிற பக்கம் காது வைக்க ஏலாது. மரக்கறிக் கடையில் ஒரு மெலன் பழம், பிறந்த பிள்ளை மாதிரி வலைத் தொப்பி போட்டுப் பஞ்சில் படுத்திருந்தது. விலை பதினாலு பவுண்! மீன்கடைக் கணவாயைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. கணவாய் தின்னுகிற சனம் அவ்வளவு மோசமாக இராது.

குமரன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் எழுதுபொருள் கடைக்குள் நுழைந்தேன். யூமிக்கோவின் தாய்க்கென்று ஒரு பட்டுச்சேலை கொண்டுவந்திருந்தேன், வெறும் பிளாஸ்டிக் பையில். அதைக் கொடுக்க வெட்கமாக இருந்தது. அங்கே பரிசு சுற்றுகிற தாள்களில் அழகான கயிற்று முடிச்சு ஒட்டி வைத்திருந்தார்கள். சிவப்பும் வெள்ளையும், கறுப்பும் வெள்ளையும், மஞ்சளும் வெள்ளையும். எதை எடுத்தாலும் வெள்ளை வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய? கறுப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. மங்கல காரியத்துக்கு மஞ்சள் இருக்க வேறென்ன வேணும்? ஒரு பவுண் எண்பது. மீதிக் காசைச் சின்னத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள் கடைப்பெண். கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அங்கேயே ஒரு மேசையில் வைத்துச் சேலையைச் சுற்றினேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கடை மேசைக்கு யூமிக்கோ தாயோடு வந்தாள். தாய் என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பா. இடுப்பு வளைத்துக் கும்பிட்டா, நான் கைகூப்பினேன். பிறகு பொதியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினவ முடிச்சைப் பார்த்தா. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

யூமிக்கோ மெல்ல என் பக்கம் சாய்ந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. எங்கட ஊரில இந்த மஞ்சள் முடிச்சு திவசத்துக்குக் கட்டுறது."

கலியாணம் பேச வந்த இடத்தில் திவசப் பொதி கொடுத்திருக்கிறேன்! "ஐயோ, சொல்லு பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லு" என்றேன். "நாங்கள் கலியாணக் கார்டின்ர மூலைக்கும் மஞ்சள்தான் பூசுறது. மஞ்சள் இல்லாமல் எங்களுக்கு நல்ல காரியமே இல்லை."

யூமிக்கோ சொல்லச் சொல்லத் தாய் தலையாட்டிக் கேட்டா. பிறகு ஒரு கேள்வி கேட்டா. "அப்ப, உங்களிட்ட செத்த வீட்டுக்கு என்ன நிறம்?"

"வெள்ளை" என்றேன்.

தாய் பொதியை மேசையில் வைத்துவிட்டு யப்பான் மொழியில் ஏதோ சொன்னா. யூமிக்கோ மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் நின்றாள். குமரன்தான் "சொல்லு" என்றான். தாய் சொன்னது இது: "அதுக்காகவோ வெள்ளை வேண்டாமெண்டனீங்கள்? நான் உங்களுக்கு என்ர பிள்ளையே வேண்டாமாக்குமெண்டு நினைச்சு, மூண்டு மாசமா நித்திரையில்லாமல் கிடந்தன்."

இனி என்னத்தை மறைக்க? அவ நினைத்தது பிழையில்லை. வெள்ளை எனக்கு ஒரு சாட்டு. உண்மையில் எனக்குப் பிடிக்காதது, என்னைக் கேட்காமல் குமரன் ஒருத்தியைப் பிடித்ததுதான். அதை அப்படியே சொன்னேன், அழுதுகொண்டே. தாய் மேசைக்கு மேலால் எட்டி என் கையைப் பிடித்தா. எங்கள் பெண்கள் பிடிப்பதுபோல் இறுக்கித்தான் பிடித்தா.

பிறகு அந்த முடிச்சை அவிழ்க்காமல், தாள் கிழியாமல், மெல்லக் கழற்றிச் சேலையை வெளியே எடுத்தா. நீலச் சேலை. தோளில் போட்டுப் பார்த்துச் சிரித்தா. பக்கத்து மேசைச் சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. குமரன் நூடில்ஸ் நாலு கிண்ணம் வாங்கிவந்தான். சத்தம் வர உறிஞ்சித்தான் சாப்பிடவேணுமாம். அம்மா இருந்திருந்தால் எல்லாருக்கும் அடி விழுந்திருக்கும்.

நாலரைக்குக் கொலின்டேல் மேடையில் ரெயிலுக்கு நின்றோம். ஹவுன்ஸ்லோவில் ஒன்பது வருசம் இருந்தும், பக்கத்து வீட்டில் யாராவது செத்தால் என்ன நிறம் உடுப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. யூமிக்கோவின் தாய் ஒரே நாளில் கேட்டுவிட்டா.

குமரன் என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அப்ப, அக்கா, என்ன முடிவு?"

"அவள் வெள்ளையே உடுக்கட்டும்" என்றேன். "தோழிக்கு என்ன நிறம் எண்டதை மட்டும் நான் முடிவெடுக்கிறன். அதில நீ வாய் திறக்கப்படாது."